சேஃப் மோட்

முதலில் வயரைப் பிடுங்கினேன்.
மோடத்தின் பச்சைக் கண் மூடிக்கொண்டது.
"அவ்வளவுதானா?" என்றார் விங்கோ.
இல்லை. கதவை இப்போதுதான் சாத்தியிருக்கிறேன்.
வந்தவன் என்னென்ன தொட்டான் என்று
இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

புந்தா அரேனாஸில் அன்று
ஆளைத் தூக்கும் காற்று.
தெருமுனையில் நகராட்சி கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி
வந்து சேர்ந்திருந்தேன்,
பையில் இரண்டு பென் டிரைவ், ஒரு ஸ்க்ரூ டிரைவர்,
வாடிக்கையாளர் யாரும் தராத காப்பிக்காக
என்னுடையதே ஒரு ஃப்ளாஸ்க்.

முப்பத்தொரு வருடம்
இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர்.
ஒரு வால்வு பிசகி இருமினால்
உறக்கத்திலிருந்து எழுந்து உட்காருவாராம்.
மேசைமேல் இந்தப் பெட்டி
மூன்று வாரமாக இராப்பகலாய் இரைந்ததை மட்டும்
"குளிருக்கு" என்று நினைத்திருக்கிறார்.

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து
மூச்சைத் திணறடித்து அணைத்தேன், மூன்று முறை.
நான்காம் முறை அது பயந்து
தன்னைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டது.
கறுப்புத் திரை. பருத்த எழுத்துகள்.
நான்கு மூலையிலும் சேஃப் மோட், சேஃப் மோட் என்று
தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

பட்டியலின் அடியில் கிடந்தது:
தொலைவிலிருந்து திரையைக் கையாளும் நிரல்.
நிறுவிய நாள் செவ்வாய்,
காலை பத்து பன்னிரண்டு.

"அது லிசாந்த்ரோ போட்டது" என்றார்,
உறவுக்காரனைச் சொல்வதுபோல.
கம்ப்யூட்டர் கம்பெனி என்று போன் செய்தவன்.
செவ்வாயும் வெள்ளியும் தவறமாட்டான்.
முட்டி வலி எப்படி என்பான்.
மதியம் என்ன சமைத்தீர்கள் என்பான்.
பிறகு,
எலியைத் தொடாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பான்.
அம்பு தானாக நகருமாம்.
"அழகாக நகரும்" என்றார்.

நான்கு லட்சத்து எண்பதாயிரம் பெசோ.
இரண்டு தவணை.

வங்கி சொன்ன அன்று இரவு
கையில் அகப்பட்டதையெல்லாம் இவரே அழித்திருக்கிறார்,
குப்பைத்தொட்டியையும் காலி செய்து.
வெட்கம் திருடனைவிட
சுத்தமாக வேலை செய்யும்.

மீட்பு நிரலை ஓடவிட்டேன்.
ஐந்து மணி நேரம்.
காப்பியில் பாதி அவருக்குப் போனது.

படங்கள் வந்தன, பெயரில்லாமல்,
வெறும் எண்களாக, ஆயிரத்து நூற்றாறு.
பல படங்களில் மேல்பாதி மட்டும் பிழைத்திருந்தது.
ஒரு புகைபோக்கி, ஒரு மேல்தளம்,
கையசைக்கும் எவனோ ஒருவன்,
இடுப்புக்குக் கீழே தட்டையான சாம்பல் நிறம்.

இது அழிந்த பகுதி, என்றேன், தரவு இல்லை.
அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார்.
"ஜூலை மாதத்து ஜலசந்தி இது.
நீ கப்பலில் போனதே இல்லையா?"

நான் திருத்தவில்லை.
அந்தக் கோப்பையும் சேமித்தேன்.

பிறகு கடவுச்சொல்.
பழையது படகின் பெயர், பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆண்டு,
போதாக்குறைக்கு மானிட்டரில் ஒட்டியும் இருந்தது.
தொடர்பில்லாத நான்கு சொல் சொல்லுங்கள் என்றேன்.
வெங்காயம், என்றார். தராசு. ஈரக் கையுறை.
கொஞ்சம் யோசித்து, செவ்வாய்.
அது வேண்டாம் என்றேன்.

அப்போது போன் அடித்தது.
வெள்ளிக்கிழமை.
நான் மணியைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார்.
ஒன்பது முறை அடித்து ஓய்ந்தது.
"இந்தக் காற்றில் லைன் சரியாக இருக்காது"
என்றார், யாருக்கு என்று தெரியவில்லை.

நான்காவது சொல்லை
என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தட்டினார்.
அதுதான் முறை, என்றேன் சுவரிடம்.

வயரைச் செருகினேன். பச்சைக் கண் விழித்தது.
மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்,
தானாக வரும், யாரும் கூப்பிடமாட்டார்கள்,
அணைக்காமல் மட்டும் இருங்கள்.

காலண்டரை எடுத்தார்.
டிசம்பர் வரைக்கும்
ஒவ்வொரு இரண்டாம் செவ்வாயையும் வட்டமிட்டுவிட்டு,
"எத்தனை மணிக்கு?" என்றார்.